கரிசல் தொழுவில் மக்காச்சோளமும் கம்பும்

சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தை வெளியூர்க்காரர்கள் பட்டாசை வைத்துத்தான் தெரிந்துவைத்திருக்கிறார்கள். பட்டாசாலைகளுக்கு அப்பால் அந்த வட்டாரத்தில் கரிசல் காடு இருப்பதும், புரட்டாசி மழையை எதிர்பார்த்து விதைக்கிற சம்சாரி இருப்பதும், ஆலை வேலைக்குப் போகிற வீடுகளிலேயே ஒரு கறவை மாடோ நாலு வெள்ளாடோ கட்டிக் கிடப்பதும் எழுத்தில் அதிகம் வருவதில்லை. அந்த மாட்டுக்கும் ஆட்டுக்கும் தெம்பு தரத் தானியம் வேண்டும். ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தத் தானியம் கம்பாகவோ சோளமாகவோ இருந்தது. இன்று மூட்டையைப் பிரித்தால் மஞ்சளாக மக்காச்சோளம் கொட்டுகிறது.

எது நல்லது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. மரபு பேசுகிறவர்கள் கம்பு என்பார்கள். தீவனக் கடைக்காரர் மக்காச்சோளம் என்பார். இருவருமே தானியத்தின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். அது எப்படி உடைபட்டு, எந்த வயிற்றுக்குள் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பதில்களுமே பாதிதான் சரி. இந்த ஒப்பாய்வு அந்த மீதிப் பாதியைத் தேடுகிறது.

முதலில் காடு. கம்பு ஆப்பிரிக்காவில் பிறந்து சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்து நம்முடையதாகிவிட்ட பயிர். மக்காச்சோளம் மெக்சிகோவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மனிதர் உருவாக்கியது. கொலம்பஸுக்குப் பிறகுதான் அது கடல் தாண்டியது. கரிசலில் அது பெரும்பரப்பைப் பிடித்ததோ மிக அண்மையில், ஒட்டுரக விதையும் கோழிப் பண்ணைகளின் பசியும் ஒன்றாக வந்து சேர்ந்த பிறகு. நாமக்கல் முட்டைக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் தானியம் வேண்டும். வியாபாரி லாரியோடு களத்துக்கே வந்து எடை போட்டுக்கொள்கிறார். பருத்திக்குப் பூச்சி மருந்து அடித்து ஓய்ந்தவர்கள் மாறிக்கொண்டார்கள்.

கம்பு 85 முதல் 95 நாளில் கதிர் முற்றிவிடும். மூன்று நல்ல மழை கிடைத்தால் போதும், நடுவில் காய்ச்சல் விழுந்தாலும் தாங்கும். மக்காச்சோளத்துக்கு நூறு நாளுக்கு மேல் வேண்டும். பூட்டை வரும் நேரத்தில் மழை தப்பினால் கதிரில் மணி பிடிக்காது. இவ்வளவு இருந்தும் மானாவாரி சம்சாரி மக்காச்சோளத்தை விதைப்பதற்கு முதல் காரணம் விளைச்சல். நல்ல மழை பெய்த வருஷம் ஏக்கருக்கு 20 குவிண்டாலைத் தாண்டும். கம்பு அதில் பாதியை எட்டுவதே பெரிய காரியம்.

இரண்டாவது காரணம் பட்டாசு. கம்பங்கதிரை ஆள் வைத்துக் கொய்ய வேண்டும், களத்தில் காயவைத்து அடிக்க வேண்டும். அதற்கு முன்பு பால் பிடித்த நாளிலிருந்து குருவியும் கிளியும் அண்டாமல் விரட்டக் காவல் வேண்டும். ஆலையில் அன்றாடக் கூலி கிடைக்கிற ஊரில் கம்பங்காட்டுக்குக் குருவி விரட்ட யார் வருவார்கள்? மக்காச்சோளக் கதிரை மட்டை மூடியிருப்பதால் குருவிக் கவலை குறைவு, இயந்திரம் வந்து உதிர்த்துக் கொடுத்துவிடும். அதற்குப் பதிலாகக் காட்டுப்பன்றி வருகிறது என்பது வேறு விஷயம். குருவி கதிருக்கு நாலு மணி தின்னும். பன்றி புகுந்த காட்டில் தட்டையே மிஞ்சுவதில்லை.

2018-ஐ இந்த வட்டாரத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அமெரிக்கப் படைப்புழு அந்த ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது; அந்தப் பருவத்திலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளில் குருத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்குத் தடை விதிக்க, தீபாவளி முடிந்து திறக்க வேண்டிய பட்டாசாலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. காடும் ஆலையும் ஒரே நேரத்தில் கைவிட்ட அந்த மாதங்களில் பால் காசு எத்தனை வீடுகளுக்கு அரிசி வாங்கிக் கொடுத்திருக்கும் என்று யோசித்தால், தொழுவில் நிற்கும் மாட்டின் தீனியைப் பற்றி இவ்வளவு விரிவாகப் பேசுவது வீண் என்று தோன்றாது.

இனி தானியத்தைப் பிளந்து பார்க்கலாம். மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 70 பங்கு அளவுக்கு மாவுச்சத்து, 8 முதல் 9 பங்கு புரதம், 4 பங்கு கொழுப்பு. கம்பில் மாவுச்சத்து கொஞ்சம் குறைவு. புரதம் 10 முதல் 12, கொழுப்பு 5 வரை. கோழிக்குக் கிடைக்கும் எரிசக்தியாக அளந்தால் மக்காச்சோளம் கிலோவுக்கு 3,300 கிலோகலோரி தருகிறது. கம்புக்கு, ரகத்தையும் அளந்தவரையும் பொறுத்து, 2,600-லிருந்து 3,000 வரை எழுதப்பட்டிருக்கிறது. கோழித் தீவனத்தில் வேறு எந்தத் தானியத்தையும் மக்காச்சோளத்தோடு ஒப்பிட்டு அளக்கிற வழக்கம் வந்ததற்கு இதுதான் காரணம்.

இதையே காசாக்கிப் பார்ப்போம். 2025–26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை மக்காச்சோளத்துக்குக் குவிண்டால் 2,400 ரூபாய், கம்புக்கு 2,775 ரூபாய். களத்து விலை இதற்கு மேலும் கீழும் ஆடும். ஆனாலும் இரண்டையும் ஒரே தராசில் வைக்க இது உதவும். மக்காச்சோளத்தில் ஆயிரம் கிலோகலோரி வாங்க 7 ரூபாய் 27 காசு ஆகிறது. கம்புக்குத் தாராளமாக 3,000 கிலோகலோரி என்றே வைத்துக்கொண்டாலும் 9 ரூபாய் 25 காசு. கம்பில் கிலோவுக்கு 20 கிராம் புரதம் கூடுதலாக இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயம்தான். அந்தப் புரதத்தைக் கடலைப் புண்ணாக்காக வாங்க 50 கிராம் புண்ணாக்கு வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று வைத்தால் இரண்டரை ரூபாய். அதைக் கழித்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டாலும் கம்பு 8 ரூபாய் 42 காசில்தான் நிற்கிறது. மூட்டை விலையில் மக்காச்சோளம் ஜெயித்துவிட்டது. இதில் மறுபேச்சு இல்லை.

ஆனால் மூட்டையை அப்படியே மாட்டின் முன் கவிழ்த்தால் இந்தக் கணக்கு பாழ். கறவை மாடு தீனியைக் கண்டதும் மென்று தின்பதில்லை; விழுங்கிவிட்டுப் பிறகு அசை போடும். முழு மக்காச்சோளத்தில் பல் பட்டதெல்லாம் செரிக்கும்; பல்லுக்குத் தப்பியதன் மேல்தோலைப் பெருவயிற்று நுண்ணுயிரிகளால் துளைக்க முடியாது. அது போன வழியே சாணியில் வெளியேறும். காலையில் தொழு கூட்டும்போது சாணியில் மஞ்சள் மணி தெரிந்தால், அது சந்தையில் வாங்கி, சுமந்து வந்து, மாட்டின் வயிறு வழியாகக் குப்பைக் குழிக்கு அனுப்பிய தானியம். கோழி வந்து கிளறித் தின்றால் கொஞ்சம் ஆறுதல்.

கம்பின் கதை இதைவிட மோசம். மணி சிறியது, பல்லிடுக்கில் சிக்குவதேயில்லை. முழுக் கம்பைப் போட்டால் பெரும்பங்கு பல்லில் படாமலே உள்ளே இறங்கிவிடும். மக்காச்சோளம் சாணியில் பளிச்சென்று தெரிந்து நம்மை எச்சரிக்கிறது. கம்பு நிறம் மங்கி, தெரியாமலே போகிறது. "கம்பு போட்டேன், பால் ஏறவில்லை" என்று சொல்லப்படும் குறையில் பாதி, கம்பை முழுசாகப் போட்டதால் வந்த குறையாக இருக்கும் என்பது என் கணிப்பு. சாணியில் ஒரு கைப்பிடி எடுத்துச் சல்லடையில் போட்டுத் தண்ணீர் விட்டு அலசினால் உண்மை தெரிந்துவிடும். இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை.

ஆக, மாட்டுக்கு இரண்டையும் உடைத்தே ஆக வேண்டும். எவ்வளவு உடைப்பது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. மக்காச்சோள மணியின் உள்ளே, மாவுத் துகள்களைச் சுற்றி ஒருவகைப் புரதம் வலைபோலப் பின்னியிருக்கிறது. நம் நாட்டு ஒட்டுரகங்கள் பெரும்பாலும் கண்ணாடிபோல் கடினமான மணி கொண்டவை. அமெரிக்கர்கள் பயிரிடும் பல்வடிவ மக்காச்சோளம் அவ்வளவு கெட்டியில்லை. அதனால் வெளிநாட்டுப் புத்தகத்தில் ‘நாலாக உடைத்தால் போதும்’ என்று எழுதியிருப்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நம் மணியை ரவை அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரவையைத் தாண்டி மாவாக்கினால் வேறு தொல்லை: தூசி பறக்கும், மாடு மூக்கைச் சுருக்கும், பெருவயிற்றில் ஒரேயடியாகப் புளிக்கும். கம்புக்கோ ஒவ்வொரு மணியும் இரண்டாகப் பிளந்தாலே போதும். ஆனால் ஒன்றுகூடத் தப்பக் கூடாது.

மாவு மில்லில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. வீட்டுக்கு மிளகாய் அரைக்கிற, இட்லிக்கு அரிசி அரைக்கிற அதே மில்லில் மாட்டுத் தீனியும் அரைபடுகிறது. "அண்ணாச்சி, மாட்டுக்குத்தான், ரொம்ப மாவாக்கிராதீங்க" என்று சொன்னால், "சல்லடை மாத்தணும் தாயி, கொஞ்சம் நேரமாகும்" என்று பதில் வரும். ஆலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் யார் காத்திருப்பார்கள்? மாவாகவே வாங்கி வந்துவிடுவார்கள். தீவன நூல்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்ட துகளளவு, நடைமுறையில், சல்லடை மாற்றுகிற பத்து நிமிஷத்தில் தீர்மானமாகிறது.

இதைவிட மேலான பக்குவங்கள் உலகில் உண்டு. 1960-களில் அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு முறை உருவானது: மணியை நீராவியில் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை வாட்டி, சூடு ஆறுமுன் இரண்டு உருளைகளுக்கு இடையே விட்டு நசுக்குவார்கள். நெல்லை ஊறவைத்து வறுத்து இடித்து அவலாக்குகிற நம் வேலையின் பெரிய உருவம் என்று கொள்ளலாம். சூடும் ஈரமும் சேரும்போது மாவுத் துகள் உப்பிப் பசையாகிறது. நசுக்கும்போது புரத வலை கிழிகிறது. உலர்வாக உடைத்த மக்காச்சோளத்தின் மாவுச்சத்தில் நூற்றுக்கு 90 பங்கு மாட்டுக்குச் செரிக்குமென்றால், இப்படித் தட்டியதில் 97-க்கு மேல் செரிக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் ஆயிரக்கணக்கான மாடுகளை ஒரே பட்டியில் கொழுக்க வைப்பவர்களுக்கு அந்த ஏழு பங்கு பெரிய லாபம். அதற்காகக் கொதிகலன் வைத்துக்கொள்கிறார்கள். தினமும் இரண்டு கிலோ தானியம் தின்கிற ஒற்றை மாட்டுக்கு அதே ஏழு பங்கு மூன்று, மூன்றரை ரூபாய். விறகு வைத்து வேகவைத்தால் விறகுக்கே போதாது.

நம் வீடுகளில் இருந்த பக்குவம் ஊறல். இரவு தண்ணீரில் போட்டு, காலையில் புண்ணாக்கோடு கலந்து வைப்பது. உடைத்த மக்காச்சோளம் ஊறினால் இளகும், தூசி அடங்கும், மாடு விரும்பித் தின்னும். செரிமானம் பெரிதாக ஏறிவிடாது என்றாலும் செலவில்லாத காரியம். கன்று ஈன்ற மாட்டுக்குக் கம்பங்கஞ்சி காய்ச்சி ஊற்றுவது இன்னொரு பழக்கம். களைத்த மாட்டுக்கு இரண்டு வேளை அது நல்லது. அதையே வாடிக்கையாக்கி அண்டா அண்டாவாக ஊற்றுவதுதான் ஆபத்து.

அந்த ஆபத்தைப் பற்றி இரு தானியங்களையும் ஒன்றாக வைத்தே பேச வேண்டும். மாவுச்சத்து பெருவயிற்றுக்குள் மிகையாகப் போனால் அங்கே லாக்டிக் அமிலம் கட்டுக்கடங்காமல் சுரக்கும். வயிறு மந்தமாகும், அசை நிற்கும், கழிச்சல் காணும்; முற்றினால் மாடு எழாது. பொங்கல் நாளில் மிச்சச் சோற்றையெல்லாம் மாட்டுக்கு வைத்துவிட்டு மறுநாள் கால்நடை மருத்துவரைத் தேடி ஓடுவது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. கரிசலில் அதன் வடிவம் வேறு: அறுவடை முடிந்த மக்காச்சோளக் காட்டில் ஆடு புகுந்து, சிந்திக் கிடக்கும் கதிரை வயிறு முட்டத் தின்றுவிடும். கம்பங்காட்டில் இது நடப்பது அபூர்வம். அங்கே அவ்வளவு மணி சிந்தாது, சிந்தியதையும் குருவி முந்திக்கொள்ளும். தானியம் எதுவானாலும் பழகாத மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் படிப்படியாக ஏற்ற வேண்டும். பெருவயிற்று நுண்ணுயிர்களுக்கும் பழக நாள் வேண்டும்.

பாலின் தரமும் இங்கே சிக்கிக்கொள்கிறது. தானியத்தைக் கூட்டித் தட்டையைக் குறைத்தால் பால் லிட்டர் ஏறும், கொழுப்பு இறங்கும். பால் சங்கத்தில் கொழுப்பையும் இதரச் சத்தையும் பார்த்துத்தான் காசு தருகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இதே விருதுநகர் மாவட்டத்துச் சரக்கு; கடாயில் கிளறிக் கிளறி வற்றவைக்கிறவருக்கு எத்தனை லிட்டர் பால் என்பதைவிட அதில் எவ்வளவு திடப்பொருள் என்பதே முக்கியம். அடர்தீவனக் கலவையில் மக்காச்சோளம் 35 முதல் 40 பங்குக்குள் நிற்க வேண்டும். புண்ணாக்கு 25 முதல் 30, மீதித் தவிடு, தாது உப்புக் கலவை 2, சாதா உப்பு 1 என்று பரிந்துரைப்பதன் பின்னால் இந்த எச்சரிக்கை இருக்கிறது. தாது உப்பை வீண் செலவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மக்காச்சோளத்தில் சுண்ணாம்புச் சத்து அனேகமாக இல்லை. கம்பிலும் பால்மாட்டுக்குக் காணாது.

இதுவரை மாட்டைப் பேசினோம். கோழிக்கு வந்தால் பக்குவத்தின் கணக்கு தலைகீழாகப் புரள்கிறது. கோழிக்குப் பல் இல்லை, அரைவைப்பை இருக்கிறது. முழுக் கம்பை அப்படியே வீசினால் கோழி பொறுக்கித் தின்று தானே அரைத்துக்கொள்ளும். மில் கூலி மிச்சம். மக்காச்சோளத்தையோ குஞ்சுக்கும் நடுத்தரக் கோழிக்கும் உடைத்தே போட வேண்டும். மாட்டுக்கு முழுசாகக் கூடவே கூடாத கம்பு, கோழிக்கு முழுசாகவே சிறப்பு. சண்டைச் சேவல் வளர்ப்பவர்கள் கம்பை விடாமல் வைத்திருப்பதில் பழக்கமும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

கறிக்கோழிப் பண்ணையில் இந்தச் சலுகை செல்லாது. ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோவைத் தாண்ட வேண்டிய கோழிக்குக் கிலோவுக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் அடர்த்தியுள்ள தீவனம் வேண்டும்; கம்பை வைத்து அதை எட்ட எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கும். முட்டைக்கோழிக்கு அவ்வளவு அடர்த்தி தேவையில்லை, அங்கே மக்காச்சோளத்தில் பாதி வரை கம்பை மாற்றி வைக்கலாம். ஆனால் மஞ்சள் கரு வெளுக்கும். மக்காச்சோளத்தின் மஞ்சள் நிறமிகள்தான் கருவுக்கு நிறம் கொடுப்பவை. கம்பில் அவை இல்லாத குறைதான். கம்பின் எண்ணெயில் ஒமேகா-3 வகைக் கொழுப்பு கூடுதலாக இருக்கிறது, அது முட்டையிலும் ஏறுகிறது. வாங்குகிறவர் கண்ணுக்கு அது தெரியாது, நிறம் தெரியும். புறக்கடையில் கீரையும் புல்லும் கொத்துகிற நாட்டுக்கோழிக்கு இந்தக் கவலை இல்லை, நிறத்தை அது வேறிடத்தில் தேடிக்கொள்ளும்.

இன்னொரு வேறுபாடு வயிற்றால் வருவது. மக்காச்சோளப் புரதத்தில் லைசின், டிரிப்டோஃபேன் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் குறைவு. இந்தக் குறையை விதையிலேயே திருத்தியவர்களில் ஒருவர் இந்தியரான சுரிந்தர் வாசல். மெக்சிகோவின் எவாஞ்சலினா வில்லேகாஸோடு சேர்ந்து 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசைப் பெற்றார். கோழிக்கும் பன்றிக்கும் மனிதனுக்கும் அந்தத் திருத்தம் பெரிது. மாட்டுக்கு அவ்வளவு அவசியமில்லை. பெருவயிற்று நுண்ணுயிரிகளே அமினோ அமிலங்களைச் செய்துகொள்கின்றன. கம்பின் புரதம் உயர்ந்தது என்று மாட்டுக்காரரிடம் சொல்லி விற்பவர், மாட்டுக்குத் தேவைப்படாத பெருமைக்கும் சேர்த்து விலை வைக்கிறார்.

ஆடு மூன்றாவது வயிறு. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துக் கன்னி ஆடும் வெம்பூர் செம்மறியும் மேய்ச்சலில் வளர்பவை. விற்பதற்கு முன் கிடாய்க்கு மாதம் இரண்டு மாதம் தானியம் வைப்பார்கள். ஆடு மாட்டைவிட நன்றாக மெல்லும். முழு மக்காச்சோளத்தை அது கடித்து நொறுக்கிவிடும். அரைத்து வைப்பதைவிட முழுசாக வைப்பது வயிற்றுக்கும் பத்திரம், ஏனென்றால் மெதுவாகப் புளிக்கும். மக்காச்சோளத்தை மில்லுக்கே கொண்டுபோக வேண்டாத இந்த ஒரு இடத்தில்தான் பலர் சிரத்தையாக அரைத்து வந்து வைக்கிறார்கள்.

சேமிப்பில் மக்காச்சோளத்தின் மேல் எனக்குப் பயம் அதிகம். தை, மாசியில் அறுவடை. உதிர்த்ததைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயவைப்பதை விருதுநகர் மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். 2021 ஜனவரியில் பெய்ததுபோல் பருவம் தப்பி மழை பெய்தால் கதிரிலேயே பூசணம் பிடிக்கும். ஈரம் நூற்றுக்கு 13, 14-க்கு மேல் இருக்கும்போது மூட்டை கட்டினால் உள்ளே சூடேறி அஃப்ளாடாக்சின் நஞ்சு வளரும். அது கண்ணுக்குத் தெரியாது, வேகவைத்தாலும் போகாது. மாடு தின்றால் பாலில் வேறு வடிவமாக இறங்குகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தபோது 5.7 விழுக்காட்டில் இந்த நஞ்சு வரம்பை மீறியிருந்தது. அப்படி அகப்பட்ட மாதிரிகளில் தமிழ்நாட்டுடையவை முன்னணியில் இருந்தன. புண்ணாக்கு, குறிப்பாகக் கடலைப் புண்ணாக்கு, இதில் பெரிய பங்காளி என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழி முழுவதும் மக்காச்சோளத்தின்மேல் அல்ல.

கம்பு முழு மணியாக இருக்கும்வரை இந்தத் தொல்லை குறைவு. கதிரில் தேனொழுகல் நோய் கண்டிருந்தால் மட்டும் தள்ளிவிட வேண்டும். ஆனால் உடைத்த மறுகணம் கம்பு பலவீனமாகிறது. கொழுப்பு கூடுதல் என்பதால் மாவு சில நாட்களிலேயே கசந்து வாடையடிக்கும். மக்காச்சோள ரவையை இரண்டு வாரத்துக்குச் சேர்த்து அரைத்து வைக்கலாம்; கம்பை மூன்று நாலு நாளைக்கு மட்டும் உடைக்க வேண்டும். அடிக்கடி மில்லுக்குப் போக நேரமில்லாத ஊரில் இதுவும் கம்புக்கு எதிராகவே விழுகிறது.

தட்டையைச் சொல்லாமல் விட்டால் கம்புக்கு அநியாயம் செய்ததாகும். எரிசக்தி என்றால் தானியம் மட்டும் அல்ல; ஏழை மாட்டின் எரிசக்தியில் பெரும்பகுதி தட்டையிலிருந்துதான் வருகிறது. கரிசல் சம்சாரியின் மனசில் முதலிடம் சோளத்தட்டைக்கு. படப்பு போட்டு வைத்தால் கோடை முழுக்க ஓடும். ஆனால் இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு, வாடிய பயிரை மேய்ந்த மாடு நின்ற இடத்தில் விழும். கம்புப் பயிருக்கு அந்தக் குற்றம் இல்லை. மக்காச்சோளத் தட்டையோ இயந்திரம் வந்து போன பின் காட்டிலேயே மிதிபட்டுக் காய்ந்து கிடக்கிறது, பலர் உழுதுவிடுகிறார்கள். தடியாக இருப்பதால் நறுக்காமல் வைத்தால் மாடு இலையை மட்டும் இழுத்துவிட்டுத் தண்டைத் தள்ளும். தட்டை நறுக்கும் இயந்திரம் நாலு வீட்டுக்கு ஒன்று இருந்தால், தானியத்தை அரைக்கும் செலவைவிட அதில்தான் பலன் கூடுதல் என்பேன்.

இப்போது மக்காச்சோளத்துக்கு ஒரு புதிய போட்டியாளர் வந்திருக்கிறார்: மோட்டார் வண்டி. பெட்ரோலில் கலக்க எத்தனால் எடுப்பதில் 2023–24-இல் மக்காச்சோளம் கரும்பை முந்தியது. ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-இல் இறக்குமதி செய்தது. கோழிப் பண்ணைக்காரர்கள் விலை தாங்காமல் முறையிட்டார்கள். எத்தனால் ஆலையிலிருந்து கழிவாக வரும் உலர்ந்த சக்கை மலிவான புரதமாகத் தீவனச் சந்தைக்கு வருகிறது. மாவுச்சத்து சாராயமாகப் போய்விட்டதால் அதில் புரதம் மூன்று மடங்காகச் செறிந்திருக்கும். மூல தானியத்தில் பூசண நஞ்சு இருந்தால் அதுவும் மூன்று மடங்காகும். மக்காச்சோளத்துக்குப் பதில் என்று அதை வாங்கக் கூடாது. அது புண்ணாக்குக்குப் பதில்.

தீர்ப்பு இதுதான். கலப்பினக் கறவைக்கு ரவையாக உடைத்த மக்காச்சோளம். கிடாய்க்கு முழு மக்காச்சோளம். புறக்கடைக் கோழிக்கு முழுக் கம்பு. காட்டில் ஒரு துண்டுக்காவது தட்டைக்காகக் கம்போ சோளமோ. மாட்டுக்குக் கம்பு வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு, மேலே போட்ட கணக்கிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது: புரதத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கிலோ கம்பின் தீவன மதிப்பு ஏறக்குறைய ஒரு கிலோ மக்காச்சோளத்துக்குச் சமம். ஆகவே மக்காச்சோள விலைக்கே கம்பு கிடைத்தால் தயங்காமல் வாங்கி, ஒரு மணியும் தப்பாமல் உடைத்து வையுங்கள். அதற்கு மேல் இரண்டு ரூபாய் கேட்டால், மாட்டுக்கு வேண்டாம். வீட்டுக்கு வாங்கிக் கூழ் காய்ச்சிக் குடியுங்கள்.